அட்லஸ் அந்துப்பூச்சியும் பறக்கும் தவளையும்: ஒப்பீட்டு அட்டவணை போடுவது எப்படி?

மகளின் பள்ளி புராஜெக்ட்டுக்காக உட்கார்ந்தது. இரண்டு தாள் கிழிந்து, மூன்றாவதில்தான் சரியாக வந்தது.

படி 1: அறிவியல் பெயரை முதலில் எழுதுங்கள். பூச்சி அட்டாகஸ் டாப்ரோபானிஸ், தவளை ரேக்கோஃபோரஸ் மலபாரிகஸ். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்கள்.

படி 2: அளவு. பூச்சிக்கு இறக்கை விரிப்பு, 20 செ.மீ.யைத் தாண்டும். தவளைக்கு மூக்கு நுனியிலிருந்து பின்புறம் வரை, சுமார் 10 செ.மீ.; கால் கணக்கில் வராது. அதனால் 'பூச்சி இரண்டு மடங்கு பெரியது' என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: வாழ்க்கைச் சுழற்சி. நான் சறுக்கியது இங்கேதான். நீர்நிலைக்கு மேலே இலைகளில் ஒட்டியிருக்கும் தவளையின் நுரைக்கூட்டையும், இலையோடு சேர்த்துப் பின்னிய பூச்சியின் பட்டுக்கூட்டையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டேன். இரண்டும் கூடுதானே என்ற நினைப்பு! நுரைக்கூடு, தாய்த்தவளை பின்னங்காலால் அடித்து நுரையாக்கி முட்டைகளுக்குக் கட்டுவது. பட்டுக்கூடு, வளர்ந்த புழு தனக்குத்தானே பின்னிக்கொள்வது. ஆகவே நுரைக்கூட்டுக்கு எதிரே பூச்சியின் முட்டையை வையுங்கள். தலைப்பிரட்டைக்கு எதிரே புழு. கூட்டுப்புழுவுக்கு எதிரே? கோடு போட்டு விட்டுவிடுங்கள். தவளைக்கு அப்படியொரு அடங்கிக்கிடக்கும் பருவம் கிடையாது. நீந்திக்கொண்டே கால் முளைக்கும், வால் கரையும். அந்தக் காலிக் கட்டம்தான் அட்டவணையிலேயே எனக்குப் பிடித்தது.

படி 4: துணை தேடுதல். ஆண் தவளை குரல் கொடுக்கும். பூச்சியில் பெண் வாசனையைக் காற்றில் விடும். ஆணின் இறகு போன்ற அகன்ற உணர்கொம்பு அதைப் பிடித்துவிடும். உணவுக் கட்டத்தில் பூச்சிக்கு 'இல்லை' என்றே எழுதலாம். வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்யும் வாய் கிடையாது, புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஓரிரு வாரம் ஓட்டும்.

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். எக்செல்லில் ஆரம்பித்தால் கட்டத்துக்கு வண்ணம் அடிப்பதிலேயே மாலை போய்விடும்.

பின்சேர்க்கை: 'பறத்தல்' என்று ஒரு வரிசை போட்டு, இரண்டுக்கும் 'ஆம்' எழுதலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பூச்சிக்கு மட்டும்தான் 'ஆம்'. தவளை விரலிடைச் சவ்வை விரித்து 10 மீட்டர் போல மிதந்து இறங்கும், அவ்வளவே. மேலே போக வேண்டுமென்றால் மரமேறித்தான் ஆக வேண்டும்.