லண்டனின் பழைய தியேட்டர்களில் நாடகம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சுற்றிக்காட்ட வேண்டிய பட்டியலில் பிக் பென், டவர் பிரிட்ஜோடு இப்போது வெஸ்ட் எண்ட் (தியேட்டர்கள் நிறைந்த நகர மையப் பகுதி) மியூசிக்கலும், அதாவது பாட்டும் ஆட்டமுமான நாடகமும், சேர்ந்துவிட்டது. நல்ல விஷயம்தான். நான் பல வருஷமாக இந்தத் தியேட்டர்களுக்குப் போய்வருவது தெரிந்து நண்பர்கள் யோசனை கேட்பார்கள். என்ன, டிக்கெட் எடுப்பதற்கு முன் கேட்பவர்களைவிட, எடுத்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி “நல்ல சீட்தானே?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். பாதிப் பேரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. மொபைலை அணையுங்கள், நடுவில் பேசாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

ஸ்டால்ஸில் கடைசி வரிசைகள்

இது நம்மூர் சினிமா கொட்டகையிலிருந்து கூடவே வந்த பழக்கம். திரைக்குப் பக்கத்தில் பெஞ்ச் டிக்கெட். பின்னால் போகப்போக விலையும் மரியாதையும் கூடும். அதே கணக்கோடு லண்டன் தியேட்டரின் சீட் மேப்பைத் திறக்கிறோம். கீழே ஸ்டால்ஸ், அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் சர்க்கிள், சில இடங்களில் உச்சியில் பால்கனி. “ஸ்டால்ஸில் எடு, அதுதான் பெஸ்ட்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பின்பக்கம் நடுவில் நாலு சீட் சேர்ந்தாற்போல் காலியாக இருக்கும். உடனே எடுத்துவிடுவார்கள்.

சீட் மேப் தட்டையானது. உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று அதில் தெரியாது. பின்வரிசை ஸ்டால்ஸுக்கு மேலே இருப்பது டிரெஸ் சர்க்கிளின் அடிப்பாகம். அது முன்னால் நீண்டு வந்து, மேடையின் மேல்பாதியை உங்கள் கண்ணிலிருந்து வெட்டிவிடும்.

இந்தத் தியேட்டர்களில் பெரும்பாலானவை விக்டோரியா காலத்தின் கடைசியிலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும் கட்டியவை. சின்ன மனையில் நிறையப் பேரை உட்கார வைக்க, அடுக்கடுக்காக முன்னால் இழுத்துக் கட்டினார்கள். பழைய கட்டடங்களில் அந்த அடுக்குகளை இரும்புத் தூண்கள் தாங்கின. 1891-ல் திறந்த பேலஸ் தியேட்டரில் உருக்கு உத்திரங்களைச் சுவரிலிருந்து நீட்டி, தூணே இல்லாமல் அடுக்குகளை நிறுத்திக்காட்டினார்கள். தூண் தொந்தரவு குறைந்தது. தலைக்கு மேல் இருக்கும் தளம் போகவில்லை.

அந்தக் காலத்தில் அந்த இருட்டுப் பகுதிக்குப் பெயர் பிட். மலிவு டிக்கெட்காரர்களுக்கான பெஞ்சுகள் அங்கேதான் இருந்தன. பணக்காரர்கள் டிரெஸ் சர்க்கிளில் உட்கார்ந்தார்கள். 1880-ல் ஹேமார்க்கெட் தியேட்டரில், அதை நடத்திய நடிகர் ஸ்குவயர் பேன்கிராஃப்ட் பிட்டையே எடுத்துவிட்டபோது, முதல் நாள் இரவே ரசிகர்கள் கூச்சல் போட்டு நாடகத்தைக் கொஞ்ச நேரம் தொடங்கவிடாமல் செய்தார்கள். பிறகு மற்ற தியேட்டர்களிலும் பெஞ்ச் போய் அதே இடத்தில் மெத்தை சீட் வந்தது. ஆக, கட்டியவர்களே மலிவு இடம் என்று ஒதுக்கிய மூலைக்கு நாம் நல்ல காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அலுவலக நண்பர் ஒருவர் மதுரையிலிருந்து வந்த அப்பா அம்மாவை இப்படித்தான் கூட்டிப்போனார். செட்டில் உயரமாக ஒரு பாலம். முக்கியமான பாட்டு முழுக்க அதன்மேல்தான். அவர்கள் சீட்டிலிருந்து தெரிந்தது பாடுகிறவரின் ஷூவும் முழங்காலும் மட்டும். அம்மா பாவம், சீட்டில் வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கி, முன் சீட்டுக்கும் மேல் தளத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக முகத்தைப் பார்க்க முயன்றிருக்கிறார். அப்பா குரலை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு டிக்கெட் நூறு பவுண்டைத் தாண்டியது. அந்தக் காசுக்கு டிரெஸ் சர்க்கிளில் கொஞ்சம் ஓரமாக, மேடை முழுக்கத் தெரிகிற சீட் கிடைத்திருக்கும். இதைக் கேட்டு எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. வயதானவர்கள் இன்னொரு முறை வருவார்களா என்பதே நிச்சயமில்லை.

ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் 1986-ல் தொடங்கிய ‘பாந்தம் ஆஃப் தி ஆபரா’ மியூசிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பேசுவது அந்தச் சரவிளக்கைப் பற்றித்தான். தொடக்க இசையில் மேடையிலிருந்து எழும்பி ஸ்டால்ஸுக்கு மேலே போய் நிற்கும். இடைவேளைக்கு முன் கீழே பாயும். ஸ்டால்ஸ் கடைசி வரிசைக்காரருக்கு அது மேலே ஏறியதும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

சரி, என்ன செய்வது? டிரெஸ் சர்க்கிளின் முதல் சில வரிசைகளில், நடுப்பக்கமாகத் தேடுங்கள். ஸ்டால்ஸ்தான் வேண்டும் என்றால் மேல் தளத்தின் விளிம்பு எந்த வரிசைக்கு மேல் வருகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் எடுங்கள். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் பார்வையாளர்கள் எடுத்த படங்களைப் போடும் தளங்கள் இருக்கின்றன. ஐந்து நிமிஷ வேலை. அதிலும் சந்தேகம் தீரவில்லையென்றால் தியேட்டரின் டிக்கெட் கவுண்டரான பாக்ஸ் ஆஃபீஸுக்குப் போன் செய்து, “இந்த சீட்டிலிருந்து செட்டின் மேல்பகுதி தெரியுமா?” என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்கள். ‘ரெஸ்ட்ரிக்டட் வியூ’ (பார்வை மறைக்கும் சீட்) என்று போடவில்லை என்பதால் எல்லாம் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள்.

விதிவிலக்கும் உண்டு. லைசியம் தியேட்டரில் ‘லயன் கிங்’ பார்ப்பதென்றால் முதல் பாட்டில் மிருகங்கள் ஸ்டால்ஸ் நடைபாதை வழியாகத்தான் மேடைக்குப் போகும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மேல் தளத்தைவிட நடைபாதையை ஒட்டிய ஸ்டால்ஸ் சீட்தான் சரி.

முழங்கால் வலிக்காரர்களை மேலே ஏற்றுவது

மேல் அடுக்குகள் மலிவு. பார்வையும் பல இடங்களில் பரவாயில்லை. ஆனால் பல தியேட்டர்களில் அங்கே போக லிஃப்ட் கிடையாது. சில இடங்களில் மேல் அடுக்குக்குப் பக்கத்துத் தெருவில் தனி வாசல். ஏழைகளும் பணக்காரர்களும் ஒரே படியில் ஏறக்கூடாது என்று அன்றைக்குப் பிரித்தது. சரிவும் செங்குத்து. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்களுக்கு ஆகாது. ஒவ்வொரு தியேட்டரும் எந்த அடுக்குக்கு எத்தனை படி என்று தன் தளத்தில் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். கீழ்த்தளம் என்றால் படி இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். பிக்காடிலி சர்க்கஸில் இருக்கும் கிரைட்டீரியன் தியேட்டர், 1874-ல் கட்டியது, முழுக்கத் தரைக்கு அடியில் இருக்கிறது. அங்கே அப்பர் சர்க்கிளுக்கே இறங்கித்தான் போக வேண்டும்.

தேடலில் முதலில் வரும் விளம்பரத்தில் டிக்கெட் எடுப்பது

தியேட்டரின் சொந்தத் தளத்தில் விலையைப் பார்க்காமல் வேறெங்கும் கார்டு நம்பரைத் தட்டாதீர்கள். லெஸ்டர் ஸ்கொயரில் தள்ளுபடி டிக்கெட்டுக்கான அதிகாரபூர்வ இடம் சதுக்கத்திலேயே தனியாக நிற்கும் டிகேடிஎஸ் கூண்டு. சுற்றியுள்ள கடைகளின் ‘பாதி விலை’ பலகைகளை நம்பி உள்ளே போக வேண்டாம்.

ஆங்கிலம் புரியாதவர்களுக்கு வசன நாடகம்

செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டரில் ‘மவுஸ்டிராப்’ ஓடுகிறது; 1952-ல் பக்கத்துத் தியேட்டரில் தொடங்கி 1974-ல் இங்கே வந்தது. பேர்பெற்றது என்பதற்காக அம்மாவை அழைத்துப்போனால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகமான பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் துப்பறியும் பேச்சு. அவருக்குத் தண்டனை. பாட்டும் ஆட்டமும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளே கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்தால் சுவை போய்விடும் என்று பயப்பட வேண்டாம், தெருக்கூத்து பார்த்த ஜனம் நாம். படித்தால் புரியும், கேட்டால் பிடிபடவில்லை என்பவர்களுக்கு வசனத்தைத் திரையில் ஓட்டும் கேப்ஷன் காட்சிகள் சில தேதிகளில் உண்டு.

இடைவேளையில் கிளம்பிவிடுவது

திடீரென்று கனமான திரை இறங்கும், விளக்கு எரியும், பாதிக் கூட்டம் எழும். முடிந்ததென்று நினைத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தீத்தடுப்புத் திரை. 1887-ல் எக்ஸிட்டர் நகரத் தியேட்டர் தீப்பிடித்து 186 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் இறுகின. திரை வேலை செய்கிறது என்று ஒவ்வொரு காட்சியிலும் பார்வையாளர்கள் முன்னால் இறக்கிக்காட்டுகிறார்கள்.

பெரிய சூட்கேஸ்

ஏர்போர்ட்டிலிருந்து நேராக வராதீர்கள். உள்ளே விடமாட்டார்கள்.

குளிருக்குப் பயந்து மூட்டை கட்டிக்கொண்டு போவது

மேல் அடுக்கில் புழுங்கும். கோட்டு மடியில்தான்.

லேடீஸ் டாய்லெட்

வரிசை நீளம். காட்சி தொடங்கும் முன்பே போய்விடுங்கள்.

முடிந்ததும் கவென்ட் கார்டன் ஸ்டேஷன்

லைசியம், டிரூரி லேன் பக்கம் பார்த்தவர்கள் கூட்டத்தோடு அங்கேதான் நுழைவார்கள். அங்கே எஸ்கலேட்டர் கிடையாது. லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 193 படி. லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான், அங்கே எஸ்கலேட்டர் இருக்கிறது. பெரியவர்களை அந்தப் பக்கமாகக் கூட்டிப்போங்கள்.