புது ஊரில் நல்ல சைவ, வீகன் உணவகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஹேப்பிகவ் செயலியைத் திறங்கள். சைவ, வீகன் உணவகங்களைப் பட்டியலிடும் தளம் இது, 1999 முதல் இருக்கிறது. முழு வீகன் (பால், முட்டை, தேன்கூட இல்லாதது), முழு சைவம், சைவமும் கிடைக்கும் இடம் என்று பிரித்தே காட்டும், அதனால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் மூடிப்போன கடைகளும் சில சமயம் பட்டியலில் கிடக்கும், கிளம்பும் முன் கூகுள் மேப்ஸில் சமீபத்திய விமர்சனங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நட்சத்திரங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. விமர்சனங்களுக்குள் 'வீகன்' என்று தேடினால்தான் "கேட்டதற்கு சாலட் மட்டும்தான் கொடுத்தார்கள்" என்பது மாதிரி உண்மைகள் வெளியே வரும். சாப்பிட்டவர்கள் எடுத்துப் போட்ட மெனு படத்தையும் பெரிதாக்கிப் படியுங்கள். சைவத்துக்கு ரெண்டே ரெண்டு வரி இருந்தால் அடுத்த கடை.

சரி, கடைக்குள் போயாச்சு. "இது சைவமா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். சூப்பில் எலும்பு வேகவைத்த தண்ணீர் சேர்க்கிறீர்களா, சாஸில் மீன் இருக்கிறதா, இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே இதையும் பொரிக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வீகன் என்றால் வெண்ணெய், பால், முட்டை, தேன் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். நான் ஒருமுறை கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டு, பாதி சூப் குடித்த பிறகு கிண்ணத்தின் அடியில் எலும்புத் துண்டைப் பார்த்தேன். பரிமாறுபவருக்குத் தெரியவில்லை என்றால் சமையலறையில் விசாரித்து வரச் சொல்லுங்கள், கூட்டமில்லாத நேரத்தில் போனால் பொறுமையாகவே சொல்வார்கள்.