வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக்கும் முறை

வாக்கியக் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுள் பலருக்குக் கூட்டலும் கழித்தலும் நன்றாகவே தெரியும். கேட்கப்பட்டதை எழுத்தில் குறிக்கும் இடத்தில்தான் அவர்கள் திணறுகிறார்கள். ஆகவே, முதலில் தெரியாத அளவு எது என்று தேடி, அதற்கு ஓர் எழுத்தை அதன் அலகோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கிலோ மல்லிகையின் விலை, ஒரு கிலோ பிச்சியின் விலையைப் போல் இரு மடங்கைவிட 100 ரூபாய் குறைவு என்றும், இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்க 1,100 ரூபாய் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். (முகூர்த்த நாட்களில் மல்லிகை இதைவிடப் பன்மடங்கு விலை போகும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும்.) ஒரு கிலோ பிச்சியின் விலை 'ப' ரூபாய் எனில், மல்லிகையின் விலை 2ப − 100 ஆகும். இதை 100 − 2ப என்று மாற்றி எழுதுவதே அடிக்கடி நேரும் பிழை. எதைவிடக் குறைவோ, அதுவே கழித்தல் குறிக்கு முன்னே வர வேண்டும்.

ப + 2ப − 100 = 1,100
3ப = 1,200
ப = 400

பிச்சி 400 ரூபாய், மல்லிகை 700 ரூபாய். விடையைச் சமன்பாட்டில் மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது, ஏனெனில் சமன்பாடே தவறாக அமைந்திருந்தால் அந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. கணக்கின் வாக்கியத்தை மீண்டும் படித்து, 400இன் இரு மடங்கான 800ஐவிட 700 என்பது 100 குறைவுதானா, கூட்டுத்தொகை 1,100 வருகிறதா என இரண்டையும் சரிபார்க்கச் செய்யுங்கள்.