ஹேர்ஸ்பிரிங்: கோணல் எங்கே என்று தெரிந்த பிறகே சாமணம்

கையால் சாவி கொடுக்கும் வாட்ச் திடீரென்று நாளுக்கு ஐந்து, பத்து நிமிடம் முன்னால் ஓடினால் முதலில் ஹேர்ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பேலன்ஸ் என்னும் ஆடும் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பும் மெல்லிய சுருள் அது. பேலன்ஸ் ஒரு முறை ஆடிவர ஆகும் நேரம், ஸ்பிரிங்கில் உண்மையாக வேலை செய்யும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்த நீளம் நூறில் ஒரு பங்கு குறைந்தால் நாளுக்கு 430 விநாடிக்கு மேல் வேகமாகும். ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலே 43 விநாடி. இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் எவ்வளவு நீளம் வீணாகும் என்று பார்த்தால், வாட்ச் ஏன் அப்படிப் பறக்கிறது என்பது விளங்கும்.

தொடக்கத்திலேயே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் கெடுக்கும் ஸ்பிரிங்குகளில் பல, வளைக்கவே தேவையில்லாதவை. காந்தம் ஏறியிருக்கும், அல்லது எண்ணெய்ப் பிசுக்கு பிடித்திருக்கும். கோணல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாதவரை சாமணத்தை ஸ்பிரிங்கின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பழகுவதற்கு எது நல்லது?

பழைய எச்.எம்.டி. ஜனதா நல்ல தேர்வு. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுடன் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. ஜனதாவில் 17 கல் (தேய்மானத்தைத் தடுக்கும் மாணிக்கக் கற்கள்), மணிக்கு 18,000 துடிப்பு, தட்டையான ஸ்பிரிங். கடைசிச் சுற்றை மேலே தூக்கி உள்நோக்கி மடித்த பிரெகே வகையைவிட, இந்தத் தட்டை வகையில் கை பழகுவது மிகவும் எளிது. ஓடாத மெஷின் மூன்று நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல ஸ்பிரிங் ஒன்றை வேண்டுமென்றே சிறிது வளைத்து, பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் சிறந்த பயிற்சி. சரியான வடிவம் எப்படி இருந்தது என்று ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள் என்பதால், பிழையைக் கண் சட்டென்று பிடிக்கும்.

கருவிகளில் பணம் போட வேண்டிய இடம் சாமணம். காந்தம் ஏறாத 5-ஆம் எண் சாமணம் இரண்டு வேண்டும். நுனிகள் முழுதாகச் சேர வேண்டும். உள் விளிம்பு கூராக இருந்தால் ஸ்பிரிங்கில் கீறல் விழும், கீறல் விழுந்த இடத்தில் பிற்பாடு அது ஒடியும். 10 மடங்கு காட்டும் லென்ஸ் போதும். 10 முதல் 20 மடங்கு வரை காட்டும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் இருந்தால் இரண்டு கையும் ஓய்வாக வேலை செய்யும். மெல்லிய ஊசி, மெல்லிய பிளேடு, காந்தம் நீக்கும் கருவி, சிறு திசைகாட்டி, வெள்ளைக் காகிதம். இவ்வளவுதான்.

கழற்றும்போதே கெடும்

முதலில் வாட்ச்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை விடுங்கள்: சாவி கொடுக்கும் குமிழான கிரவுனைப் பிடித்தபடி, முறுக்கு அவிழாமல் தடுக்கும் கிளிக்கை விலக்கி, கிரவுனை விரலிடுக்கில் மெதுவாகச் சுழல விடுங்கள். பிறகு பேலன்ஸைத் தாங்கும் பாலத்தின் ஸ்க்ரூவைக் கழற்றி, பாலத்தை நேராக மேலே தூக்குங்கள். பேலன்ஸ் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு வரும். வராமல் எங்காவது சிக்கினால் இழுக்கக் கூடாது. பாலத்தை இப்படியும் அப்படியும் சிறிது திருப்பினால் விடும். ஸ்பிரிங் புனல்போல நீண்டுபோவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். தொங்கவிட்டு வேடிக்கை பார்க்காமல் பாலத்தைத் தலைகீழாக மேசையில் வைத்து, பேலன்ஸை அதன் மேல் உட்காரவிடுங்கள்.

ஸ்பிரிங்கைப் பாலத்திலிருந்து பிரிக்க வேண்டுமானால், அதன் வெளிமுனையைப் பிடித்திருக்கும் ஸ்டட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். சில வாட்சுகளில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரில், வெளிச்சுற்றை நடுவே வைத்திருக்கும் இரண்டு பின்னுக்குப் பதில் ஒரு பின்னும், ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் ஒரு சிறு பூட்டும் இருக்கும். அந்தப் பூட்டை முதலில் திறக்காமல் ஸ்டட்டை இறக்கினால், ஸ்பிரிங் அதே இடத்தில் மடங்கிவிடும்.

காந்தமும் பிசுக்கும்

வாட்ச்சைத் திசைகாட்டியின் அருகே கொண்டுபோங்கள். முள் அசைந்தால், அதுவும் பேலன்ஸோடு சேர்ந்து துடித்தால், காந்தம் இருக்கிறது. காந்தம் நீக்கும் கருவியின் மேல் வாட்ச்சை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே அதை மெதுவாக ஓர் அடிக்கு மேல் விலக்கி, அதன் பிறகு பொத்தானை விடுங்கள். வாட்ச் பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் காந்தம் இன்னும் ஏறும்.

பிசுக்குக்கு லைட்டர் பெட்ரோல் நல்லது. ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, பேலன்ஸை ஸ்பிரிங்கோடு ஓரிரு நிமிடம் முக்கி எடுத்து, ஊதுபந்தால் உலர்த்துங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போட வேண்டாம்: பேலன்ஸின் அடியில் உள்ள ரோலர் கல்லைப் பிடித்திருப்பது அரக்கு, ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும்.

இந்த இரண்டையும் செய்த பிறகும் சுற்றுகள் ஒட்டினால்தான் வடிவப் பிழையைத் தேட வேண்டும். நீல எஃகு ஸ்பிரிங்கில் துரு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். துரு தின்ற இடம் மெலிந்திருக்கும், விறைப்பு தடிமனின் மூன்றாம் மடியைப் பொறுத்தது. அதனால் வாட்ச் மெதுவாகும், பிறகு உடையும். மாற்றும்போது ஸ்பிரிங்கை மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் அதன் பேலன்ஸுக்கு என்று அளந்து பொருத்தப்பட்டது. அதே மெஷினின் பேலன்ஸை முழுதாக மாற்றுவதே சரி.

கோணலைத் தேடுவது

பேலன்ஸின் சக்கர விளிம்பில் ஸ்டட் எந்த இடத்துக்கு நேராக நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பிரிங்கின் நடுவில் உள்ள காலெட் என்னும் சிறு வளையத்தின் அடியில் எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு மெல்லிய பிளேடுகளைச் செலுத்தி, சமமாக நெம்பிக் கழற்றுங்கள். சக்கரம் இல்லாமல், ஸ்பிரிங்கை மட்டும் பாலத்தில் மாட்டி, ஸ்டட்டை இறுக்கி, தலைகீழாக வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். காலெட்டின் துளைக்கு நட்டநடுவில் பாலத்தின் கல் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் ஸ்பிரிங் பாலத்துக்கு இணையாகக் கிடக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஈடான வேறு சோதனை இல்லை.

கல் ஒரு பக்கம் ஒதுங்கித் தெரிந்தால், பிழை பெரும்பாலும் வெளிச்சுற்றில், ஸ்டட்டுக்கும் ரெகுலேட்டருக்கும் அருகில். ஸ்டட்டிலிருந்து உள்நோக்கிச் சுற்றுகளின் இடைவெளியைக் கண்ணால் தொடருங்கள். சீராக வந்த இடைவெளி முதன்முதலில் மாறும் இடமே கோணல். ஒரு பக்கம் சுற்றுகள் நெருங்கி, எதிர்ப்பக்கம் அகன்று கிடப்பது அதன் விளைவு மட்டுமே. நெருக்கம் கண்ணில் படும் இடத்தையே பிடித்து வளைத்தால் ஒரு கோணல் இரண்டாகும்.

தட்டு சாய்ந்ததுபோல் முழு ஸ்பிரிங்கும் ஒரு பக்கம் தாழ்ந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். சாய்ந்த ஸ்பிரிங்கை மேலிருந்து பார்த்தால் இடைவெளிகள் பொய் சொல்லும்.

வளைப்பது

கோணலுக்குச் சற்று முன்னால் ஒரு சாமணத்தால் அசையாமல் பிடியுங்கள். மற்றதால் 1 அல்லது 2 மி.மீ. தள்ளிப் பிடித்து, எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். ஸ்பிரிங் என்பதால் ஓரளவு திரும்பி வரும். வேண்டிய நிலையைக் கொஞ்சம் தாண்டி வளைத்து விட வேண்டும். கூராக மடிந்திருந்தால், சாமணத்தின் தட்டையான பகுதிக்குள் மடிப்பை வைத்து அழுத்தினாலே பெரும்பகுதி போய்விடும். மேல்கீழ்ப் பிழைக்கு, பட்டை முறுக்கத் தொடங்கும் இடத்தைப் பிடித்து எதிர்முறுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு வளைப்புக்குப் பிறகும் சாமணத்தை வைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தை மூன்று நான்கு முறைக்கு மேல் முன்னும் பின்னும் வளைத்தால் உலோகம் களைத்து ஒடியும்.

சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கியிருந்தால் இழுக்கக் கூடாது. காலெட்டை ஊன்றிப் பிடித்து, உட்சுற்றின் இடைவெளியில் ஊசியை நுழைத்து, சுருளின் வழியே வெளிநோக்கிப் போங்கள். சிக்கு தானாக அவிழும்.

ரெகுலேட்டரும் பீட்டும்

ரெகுலேட்டரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்துங்கள். ஸ்பிரிங் அதனோடு நகரக் கூடாது. நகர்ந்தால் வெளிச்சுற்றின் அந்தத் துண்டு கல்லை மையமாகக் கொண்ட வில்லாக இல்லை என்று பொருள். பின்களுக்கு நடுவே ஸ்பிரிங் இருபுறமும் சிறிது அசைய இடம் வேண்டும், ஆனால் லென்ஸில் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு. இடைவெளி அதிகமானால் சிறிய ஆட்டத்தில் ஸ்பிரிங் பின்களைத் தொடாது. வேலை செய்யும் நீளம் கூடும். படுக்க வைத்தால் சரியாக ஓடும் வாட்ச் செங்குத்தாகப் பிடித்தால் பின்தங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அடுத்தது பீட், அதாவது டிக், டாக் இரண்டும் சம இடைவெளியில் விழுவது. எல்லாவற்றையும் பூட்டியபின், முறுக்கு இல்லாத நிலையில் பாருங்கள். பேலன்ஸ் ஓயும்போது, அதற்கு உந்தல் கொடுக்கும் பேலட் ஃபோர்க் இரு தடைகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஸ்டட் தாங்கியை நகர்த்துங்கள். அது நகராத வகையானால் காலெட்டின் பிளவில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காலெட்டைத் திருப்ப வேண்டும். மயிரிழை திருப்பினாலே மாற்றம் தெரியும். டிக் ஒலியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபரில் பீட் பிழை 0.8 மில்லி விநாடிக்குள் வந்தால் பழைய வாட்சுக்குப் போதும். முழுச் சாவியில், படுக்க வைத்த நிலையில், ஆட்டம் (பேலன்ஸ் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் சுழலும் கோணம்) 250 டிகிரிக்கு மேல் இருந்தால், வேகத்தை ரெகுலேட்டரால் சரிசெய்து மூடலாம். 200-க்குக் கீழே கிடந்தால் கோளாறு ஸ்பிரிங்கில் மட்டும் இல்லை. மெஷினையே பிரித்துக் கழுவ வேண்டும்.