பழைய சிறு டிராக்டரில் பேட்டரி இறங்குகிறதா? கரண்ட் எங்கே கசிகிறது என்று பிடிப்பது எப்படி

ஐப்பசி மழைக்கு ஷெட்டில் நிறுத்திய டிராக்டரைப் பத்து நாள் கழித்து எடுக்கப் போனால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் சுற்றவில்லை. செங்குன்றம், திருப்போரூர் பக்கத் தோட்டங்களில் இந்த நிலைக்கு உடனே புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். கசிவு வண்டியில் இருந்தால் புது பேட்டரியும் அதே பத்து நாளில்தான் படுக்கும். நாலைந்து முறை அடியோடு இறங்கினால் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து அதன் ஆயுளும் போய்விடும்.

முதலில் சாவியைப் பாருங்கள். பழைய டீசல் டிராக்டர்கள் பலவற்றில் இன்ஜினை நிறுத்துவது சாவி அல்ல, இழுக்கும் ஸ்டாப் நாப். இன்ஜின் நின்றுவிட்டது என்று சாவியை ஆனிலேயே விட்டு இறங்கிவிட்டால், மீட்டர்களும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு காயிலும் ராத்திரி முழுக்கக் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கும். அடுத்தது, பின்னாளில் சேர்த்தவை: பாட்டுப் பெட்டி, போன் சார்ஜர், ஜிபிஎஸ் கருவி. இவற்றை நேராக பேட்டரியிலிருந்தே இழுத்திருப்பார்கள், சாவியை அணைத்தாலும் ஓடும்.

இனி பேட்டரி. முழு சார்ஜ் ஏற்றி, இரண்டு கேபிளையும் கழற்றி, அரை நாள் சும்மா வையுங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். மூன்று நாள் கழித்து, எதுவுமே இணைக்காமல் 12.2-க்கு இறங்கியிருந்தால் குற்றம் பேட்டரியில்தான். ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கும்போது ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்த செல் போய்விட்டது. பேட்டரியின் மேல்பரப்பையும் விடாதீர்கள். ஆசிட் ஈரமும் தூசியும் சேர்ந்தால் இரண்டு முனைக்கும் நடுவே மெல்லிய பாதை உண்டாகிவிடும், கடற்காற்றின் உப்பு அதை இன்னும் மோசமாக்கும். மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகவே கூடாது.

பேட்டரியை மாட்டி இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் கசிவைத் தேடுவதில் பயனில்லை. பெல்ட், சார்ஜிங் ஒயர், ரெகுலேட்டரைப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கசிவு சோதனை. 10 ஆம்பியர் டிசி அளக்கும் மல்டிமீட்டர் போதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரணமாகவே கிடைக்கும். சாவியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரை உடனே வைக்காதீர்கள். முதலில் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் கசிவு பெரிது. ஒட்டிக்கொண்ட குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைச் சூடேற்றும் பிளக்) ரிலே போன்ற ஒன்றாக இருக்கலாம், மீட்டரை வைத்தால் அதன் ஃப்யூஸ் போய்விடும். பல்பு எரியாவிட்டால் அதே இடத்தில் மீட்டரை வைத்து, பார்க்கிங் லைட்டை ஒரு கணம் போட்டுப் பாருங்கள். அப்போதும் சைபர் காட்டினால் மீட்டரின் ஃப்யூஸ் ஏற்கெனவே போயிருக்கிறது. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது.

எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டியில் கிட்டத்தட்ட சைபர்தான் வர வேண்டும். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தேட வேண்டியதுதான். 200 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் அவர், அதாவது 50 ஆம்பியர் அவர் பேட்டரி ஐந்தே நாளில் பாதி காலி.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது மீட்டர் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. எதற்கும் விழவில்லை என்றால் ஃப்யூஸ் வழியாகப் போகாத ஒயர்களைச் சந்தேகியுங்கள். அதில் முதலிடம், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஆல்டர்னேட்டர் டயோடுக்கு. மீட்டரை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். கசிவு நின்றுவிட்டால் டயோடு பிளேட் போயிருக்கிறது. ஆல்டர்னேட்டரையே மாற்றத் தேவையில்லை, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பழைய பிளேட்டைக் காட்டிக் கேளுங்கள். ஆல்டர்னேட்டர் இல்லாமல் டைனமோ உள்ள வண்டி என்றால் கட்டவுட் (இன்ஜின் நின்றதும் டைனமோவை பேட்டரியிலிருந்து துண்டிக்கும் ரிலே) பாயின்ட் ஒட்டிக்கொள்வதுதான் வழக்கமான காரணம். நின்ற வண்டியில் டைனமோ சூடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதிலும் பிடிபடாவிட்டால் இக்னிஷன் ஸ்விட்ச். பின்னால் உள்ள சாக்கெட்டைப் பிடுங்கி அளந்து பாருங்கள். மழைத்தண்ணீர் இறங்கிய ஸ்விட்சில் உள்ளே பச்சை பூத்து, அணைத்த பிறகும் கொஞ்சம் கடத்தும்.

நெகட்டிவ் கேபிளில், பேட்டரியை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச் ஒன்றைப் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு நல்லது. ஆனால் இன்ஜின் ஓடும்போது அதைத் திருப்பிவிடாதீர்கள். பேட்டரி விலகிய கணத்தில் வோல்ட்டேஜ் எகிறி, புதிதாய்ப் போட்ட டயோடு பிளேட்டையே எரித்துவிடும்.