விக்டோரியா காலத்து ஆளைத் தேடுகிறீர்களா? உயிலிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்துக் குடும்பப் பதிவுகளில் ஒருவரைப் பிறப்பிலிருந்து தேடிக்கொண்டு வந்தால், நாற்பது வயதுக்குமேல் ஆள் காணாமல் போய்விடுவார். முடிவிலிருந்து பின்னோக்கி வந்து பாருங்கள்.

1858 ஜனவரி முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான புரோபேட் பட்டியல், அதாவது நீதிமன்றம் உறுதிசெய்த உயில்களின் பட்டியல், ஆண்டுவாரியாக இருக்கிறது, இணையத்திலேயே தேடலாம். ஒரு ஆளுக்கு நாலைந்து வரிதான். ஆனால் இறந்த தேதி, கடைசி முகவரி, சொத்து மதிப்பு, உயிலை நிறைவேற்றியவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசிப் பெயரை விட்டுவிடாதீர்கள். பல சமயம் அது மகனோ மருமகனோதான்.

அந்தப் பெயரை வைத்து 1881, 1891, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். குடும்பத் தலைவராக எங்குமே அகப்படாத முதியவர், மகள் வீட்டில் ‘மாமனார்’ என்று ஒரே வரியில் உட்கார்ந்திருப்பார். தொழில் என்ற இடத்தில் ‘சொந்த வருமானத்தில் வாழ்பவர்’ என்றிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது 1911: வீட்டுக்காரர் தன் கையாலேயே நிரப்பிய படிவம் கிடைக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்ப்பதே தனி நெகிழ்ச்சி.

ஒரே பெயரில் இருவர் குழப்பினால் இறப்புப் பதிவு அட்டவணையைப் பாருங்கள்; 1866 முதல் அதில் வயதும் உண்டு.

குடும்ப பைபிளின் முன்பக்கக் குறிப்புகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முப்பது வருடப் பிறப்புகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், பிற்பாடு நினைவிலிருந்து மொத்தமாக எழுதியதாக இருக்கலாம். அந்த பைபிள் அச்சான ஆண்டையும் பாருங்கள்; அதற்கு முந்தைய பிறப்புகள் இருந்தால், அவை பிற்பாடு எழுதியவைதான்.