சுதந்திரவாத வாக்காளர் மூன்றாம் கட்சி வேட்பாளரை எடைபோடுவது எப்படி?

வரியும் அரசுச் செலவும் குறைய வேண்டும், அயல்நாட்டுப் போர்களில் தலையிடக் கூடாது, தனிமனிதரின் வாழ்க்கையில் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது என்று எண்ணும் அமெரிக்க வாக்காளருக்குக் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் பாதி வழி மட்டுமே துணை வருகின்றன. வாக்குச்சீட்டில் சுதந்திரவாதக் கொள்கையுடைய லிபர்டேரியன் கட்சியின் பெயரைக் கண்டதும் அவருக்கு இரண்டு ஐயங்கள் ஒன்றாக எழுகின்றன: வாக்கு வீணாகிவிடுமா, இந்த வேட்பாளர் உண்மையில் நம் கொள்கைக்காரர்தானா? இவ்விரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னதற்குத் தேர்தல் விதிகளும், பின்னதற்கு வேட்பாளரின் பொதுவாழ்வும் விடை தரும். என் கருத்தில் இரண்டாவதே கனமானது.

முதல் ஐயத்தைத் தீர்க்க, நீங்கள் எந்த மாநிலத்தில், எந்தப் பதவிக்கு வாக்களிக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் 48 மாநிலங்கள், முதலிடம் பெற்றவருக்கே தம் தேர்வாளர்கள் (குடியரசுத் தலைவரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகள்) அனைவரையும் அளித்துவிடுகின்றன; அதனால்தான் 1992-இல் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ நாடு முழுவதும் ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும் ஒரு தேர்வாளரைக்கூடப் பெறவில்லை. கலிபோர்னியா, வயோமிங் போன்று முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலத்தில் வாழ்பவர், தம் வாக்கால் யாரோ தோற்றுவிடுவார் என்று அஞ்ச வேண்டியதில்லை.

நெருக்கமான போட்டி நிலவும் மாநிலத்தில் கணக்கு வேறு. 2020-இல் ஜார்ஜியாவில் பைடன் 11,779 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்; லிபர்டேரியன் வேட்பாளர் ஜோ ஜோர்கென்சன் அங்கே 62,000-க்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றிருந்தார். அதே ஜார்ஜியாவில் 2022 செனட் தேர்தலில் லிபர்டேரியன் வேட்பாளர் சேஸ் ஆலிவர் 2 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகப் பெற்றபோது, ஜனநாயகக் கட்சியின் வார்னாக், குடியரசுக் கட்சியின் வாக்கர் ஆகிய இருவரில் எவரும் பாதியைத் தாண்டவில்லை. மாநில விதிப்படி டிசம்பர் 6 அன்று இருவருக்கும் இடையே மறுசுற்று நடந்தது. முதல் சுற்றில் மனச்சாட்சிப்படி வாக்களித்தவருக்கு, எஞ்சிய இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அந்த மறுசுற்று கிடையாது. ஒரே மாநிலத்தில்கூடப் பதவிக்குப் பதவி விடை மாறுகிறது என்பதால், உங்கள் மாநில விதியைத் தேர்தலுக்கு முன்பே படித்துவிடுங்கள். மெய்ன், அலாஸ்கா மாநிலங்களில் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கலாம்; முதல் விருப்பத்தவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டால் வாக்கு அடுத்த விருப்பத்தவருக்குச் சேரும் என்பதால், இரண்டாம் விருப்பத்தையும் குறித்துவிட்டால் இந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

"வாக்கைப் பிரிக்கிறீர்கள்" என்ற பழிக்கு அஞ்சி முடிவெடுக்காதீர்கள். எந்த வாக்கும் எந்தக் கட்சிக்கும் பிறப்புரிமை அன்று. மூன்றாவது பெயர் இல்லாவிட்டால் நான் யாருக்கு வாக்களித்திருப்பேன், அல்லது வாக்குச்சாவடிக்கே போயிருக்க மாட்டேனா என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போயிருக்க மாட்டீர்கள் என்றால், உங்கள் வாக்கு எவரிடமிருந்தும் பறிக்கப்பட்டதாகாது.

வெற்றி தவிர, வாக்குக்கு வேறொரு பயனும் உண்டு. பல மாநிலங்களில் கட்சி பெறும் வாக்குகளைப் பொறுத்தே அடுத்த தேர்தலில் அதன் பெயர் வாக்குச்சீட்டில் தானாக இடம்பெறும். நியூயார்க்கில் 2018-இல் 50,000 வாக்குகள் போதுமானவையாக இருந்தன. 2020-இல் அந்த வரம்பு 1,30,000 வாக்குகள் அல்லது 2 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது என உயர்த்தப்பட்டது. லிபர்டேரியன் கட்சி தன் தகுதியை இழந்தது. நாடளவில் 5 விழுக்காட்டை எட்டினால் கூட்டாட்சி அரசின் தேர்தல் நிதி கிடைக்கும் என்ற வாதத்தையும் கேட்பீர்கள். வரிப்பணத்தில் கட்சி நடத்தக் கூடாது என்று நம்புபவருக்கு அது எப்படி ஒரு காரணமாக முடியும் என்பதைச் சிந்தியுங்கள். 2016-இல் லிபர்டேரியன் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் கேரி ஜான்சன் ஏறத்தாழ 45 இலட்சம் வாக்குகளும் 3.3 விழுக்காடும் பெற்றார். கட்சி வரலாற்றில் அதுவே மிக உயர்ந்த அளவு.

அதே ஜான்சனை வைத்தே இரண்டாம் ஐயத்தை ஆராயலாம். யூத அடுமனைக்காரர் நாஜி ஒருவருக்குக் கேக் செய்து தர வேண்டுமா என்று கட்சி விவாதத்தில் கேட்கப்பட்டபோது அவர் ஆம் என்றார். யாருடன் வணிகம் செய்வது என்பதை அவரவரே முடிவுசெய்யும் ஒப்பந்த உரிமையை அடிப்படையாகக் கொண்ட பலருக்கு அது ஏற்கத்தக்கதாக இல்லை. அவருடன் நின்ற துணைத் தலைவர் வேட்பாளர் வில்லியம் வெல்ட், மாசச்சூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை ஆதரித்தவர். தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தபோது ஹிலாரி கிளின்டனுக்கு நற்சான்று தந்து பேசினார். எனவே கட்சிச் சின்னத்தை மட்டும் நம்பாதீர்கள். பதவி வகித்தவரானால், அவர் கையெழுத்திட்ட சட்டங்களையும் அளித்த வாக்குகளையும் பாருங்கள். பதவி வகிக்காதவரானால், கொள்கையில் நின்றால் வாக்கு குறையும் என்ற கேள்விகளில், வெவ்வேறு அவையினரிடம் ஒரே விடையைச் சொல்கிறாரா என்று ஒப்பிடுங்கள். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜஸ்டின் அமாஷ், அங்கே அளித்த வாக்குகளுக்கான காரணத்தை மக்களிடம் விளக்கி எழுதிவந்தார். அத்தகையவர் எந்தக் கட்சியில் நின்றாலும் அவரை எடைபோட முடியும்.

மாநில, உள்ளூர்ப் பதவிகளுக்கான போட்டிகளைத் தவறவிடாதீர்கள். 2020-இல் வயோமிங்கின் மாநிலக் கீழவைக்கு லிபர்டேரியனான மார்ஷல் பர்ட் வென்ற தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் நிற்கவில்லை. மாதிரி வாக்குச்சீட்டு வந்ததும், பெரிய கட்சிகளில் ஒன்று போட்டியிடாத இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அங்குள்ள மூன்றாம் கட்சி வேட்பாளரைப் பற்றி விசாரிக்கத் தொடங்குங்கள்.